தெயோசிந்தே

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்த மரக்கறிக் கடையின் பின்புறம், ஒரு வெள்ளை வாளியில் ஆளுயரத்துக்குப் புல் நின்றது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு கோடைகாலம். என்னோடு வேலை செய்த மெக்சிக்கோ அக்கா கொண்டுவந்த விதையெல்லாம் அந்த வாளியில்தான். புருசனைக் கொன்றவர்களுக்குப் பயந்து ஓடிவந்து, அகதி வழக்கின் முடிவுக்குக் காத்திருந்தவர். வழக்கு வென்றால் ஊரில் விட்டுவந்த மகளையும் கூப்பிட்டுவிடலாம். எந்தக் கதையைத் தொடங்கினாலும் அதில்தான் கொண்டுவந்து முடிப்பார்.

எங்களோடு நின்ற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருநாள் அந்தப் புல்லைக் களையென்று பிடுங்கப் போனார். அக்கா வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அரைகுறைப் பிரெஞ்சில் எனக்கு விளங்கப்படுத்தினார்: இது தெயோசிந்தே, சோளத்தைப் பெற்ற காட்டுப்புல். அவருடைய முன்னோரின் நாவட்டல் மொழியில் 'தெயோ' கடவுளைக் குறிக்குமாம், 'சிந்த்லி' காய்ந்த சோளக்கதிராம்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முதல் அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "தெயோ எண்டா தெய்வம் தானே. பாத்தியே, எங்கட ஆக்கள் அங்கயும் போயிருக்கினம்."

"அவைக்கு ஆர் அண்ணை விசா குடுத்தது?"

அன்றிலிருந்து, "சாமிக்குத் தண்ணி வாத்தாச்சோ?" என்று கேட்டுக்கொண்டுதான் அண்ணை வேலை தொடங்குவார்.

சாமி பூக்கவில்லை. பகல் குறுகினால்தான் அந்தப் புல் பூக்குமாம். மொன்றியல் கோடையில் பொழுது சாய்வதே இல்லை. செப்டம்பரில் அக்காவின் வழக்குத் தள்ளுபடியானது. அதன் பிறகும் அவர் தண்ணீர் ஊற்றினார். விரல் நீளத்துக்கு ஒரு பூங்கதிர் தலைகாட்டிய கிழமையே உறைபனி விழுந்து, எல்லாம் கறுத்துச் சுருண்டது. அண்ணை வாளியைக் கொண்டுபோய்க் கொட்டினார்.

அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாரிக் குளிரில் ஒருமுறை எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் பக்கத்தில் நிற்கிறாளா என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"ஓம்" என்றார்.

எங்களிடம் அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது, எங்கள் ஊர் 'ஆமாம்'. கேட்டது விளங்காவிட்டாலும், விளங்கியும் பதில் சொல்ல ஏலாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்.

பயமில்லாமல் இருக்கிறீர்களா என்றேன்.

"ஓம்."

பிரெஞ்சில் ஏதாவது கதையுங்கோ அக்கா என்றேன். இன்னொரு ஓம், வைத்துவிட்டார்.

அந்த எண்ணுக்கு நான் பிறகு எடுத்தபோதெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது மணியும் அடிப்பதில்லை.