வியர்க்காதவள்

ஏலக்காய் உலர்த்தும் அறையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். குரங்கணிக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஒரு ஸ்டோர் இருக்கிறது. விறகு எரிந்து இரும்புக் குழாய் காய்ந்துவிட்டால், உள்ளே போனவன் ஐந்து நிமிடத்தில் சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே ஓடி வருவான். என் மனைவி மட்டும் ஓட மாட்டாள். தட்டுத் தட்டாகக் காயைப் புரட்டிவிட்டு, போட்டிருந்த ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் நிதானமாக வருவாள். நெற்றியில் துளி ஈரம் இருக்காது.

"மதினி ஒடம்பு இரும்புல செஞ்சதுண்ணே" என்பார்கள் வேலையாட்கள். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். ஸ்டோர் பொறுப்பை முழுதாக அவள் தலையில் கட்டினேன். அந்த வருடம் அவளுக்கு முடி கொட்டியது, முகம் உப்பியது, பேச்சு இழுத்தது. வயசாகிறது என்று சொல்லிவிட்டேன். கண்ணிருந்தும் குருடன் நான்.

நோயைக் கண்டுபிடித்தது போடியில் இருக்கும் சித்த மருத்துவர், முப்பது வயதுகூட இருக்காத பெண். பங்குனியில் மலச்சிக்கலுக்குச் சூரணம் கேட்டுப் போயிருந்தோம். அவர் நாடியை இரண்டு தடவை பார்த்தார், கழுத்தைத் தடவினார். "மொதல்ல ரத்தத்தச் சோதிச்சுட்டு வாங்கண்ணே. அப்புறந்தேன் எஞ்சோலி" என்றார்.

தைராய்டு. கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, அவள் கழுத்துச் சுரப்பியையே அழித்துக்கொண்டிருந்தது. தேனியில் டாக்டரம்மா மாத்திரை எழுதினார். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு டீ கிடையாது, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. சாப்பாட்டையும் வயிற்றையும் தூக்கத்தையும் சித்த மருத்துவர் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் போனில் கலந்து பேசித்தான் செய்தார்கள். "எம்மருந்து துணைக்குத்தேன். மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார் சித்த மருத்துவர்.

ஆடிக்குள் அவள் முகம் தெளிந்தது. பழையபடி சிரித்தாள். ஆனால் காய் பறிப்பு தொடங்கி ஸ்டோருக்குள் போனவள், வியர்த்து வழிந்து ஓடி வந்தாள். "முடியலங்க, வேகுது" என்றாள்.

நான் பயந்துபோனேன். மாத்திரை சூடு, உடம்பை உருக்குகிறது என்று நானாக முடிவு கட்டினேன். மாத்திரை வாங்கி வருவது என் வேலை. வாங்காமல் விட்டேன். இரண்டு முறை கேட்டாள். "அதான் சரியாயிருச்சுல்ல, கொஞ்ச நாள் விட்டுப் பாப்போம்" என்றேன். மருத்துவர்கள் இருவரிடமும் மூச்சு விடவில்லை.

கார்த்திகையில் அவள் மறுபடி ஸ்டோருக்குள் நிதானமாக நின்றாள். உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வியர்க்காததே அந்த நோயின் அடையாளம் என்று எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மார்கழியில் சளி பிடித்தது. நாலாம் நாள் மத்தியானம் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்ணைத் திறக்கவில்லை. தேனி வரைக்கும் ஜீப்பில் என் மடியில் கிடந்தாள். ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு வர அவ்வளவு நேரமானது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வராது என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள்தான் பேசினாள். டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்று, "மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "யாரும் சொல்லல டாக்டர். நாந்தேன் மறந்துட்டேன்."

வார்டே கேட்க அவளுக்குத் திட்டு விழுந்தது. நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மாத்திரையை அவளே போடிக்குப் போய் வாங்கிக்கொள்கிறாள். எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "ஒங்களுக்கு எதுக்குங்க அது" என்று சிரித்தபடியே அடுப்படிக்குப் போய்விட்டாள்.