குக்கர் மாமாவும் செத்த ஆல்டர்னேட்டரும்

தம்பி வேலை தேடி அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்த காலம். விடிந்தால் நேர்காணலுக்குப் போக வேண்டும். அவனிடம் இருந்த ஒரே ஷூவோ வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, வாசல் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். காலையில் பார்த்தால் அடி தைத்து, பாலிஷ் போட்டு, மூக்கு மின்னியது. திகைத்து நின்றவனைப் பார்த்து அக்கா வீட்டுக்காரர் கத்தினார்.

"நடக்கிற வழியில ஷூவைப் போட்டு வெச்சிருக்கியே, தடுக்கி விழுந்து நான் சாகணுமா?"

தைத்து வாங்கி வந்தவர் அவர்தான் என்று வெகுநாள் கழித்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

மாமா அப்படித்தான். வாடகைக் கார் ஓட்டினார். ஸ்டாண்டில் அவருக்குக் குக்கர் என்று பெயர். கோபம் வந்தால் முதலில் மூக்கிலிருந்து உஸ்ஸென்று ஒரு விசில் வரும். இரண்டாவது வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் டம்ளரோடு நகர்ந்துவிடுவார்கள். மூன்றாவதுக்கு யாரும் காத்திருந்ததில்லை. கடவுள் அவருக்குக் கொடுத்தது நல்ல மனசு. அதற்குக் காவலாக வைத்த வாய்தான் வருகிறவர் போகிறவரை எல்லாம் கடித்தது.

தம்பிக்கு ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, அவன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்ட பிறகு, மாமாவின் காருக்கு நோவு வந்தது. ஓடி நின்றால் மறுபடி கிளம்பாது. பேட்டரி புதுசு. "அப்ப ஆல்டர்னேட்டர்தான் போயிருக்கும்" என்றார் மெக்கானிக். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான் அது. பழைய கார்களை உடைத்துச் சாமான் விற்கிற கடை ஒன்று கிடங்குக்குப் போகிற வழியில் இருந்தது. மாமா அவனையே வாங்கி வரச் சொன்னார். பழையதைக் கொடுத்துவிட்டு, நல்ல நிலையில் இருந்த இன்னொன்றை அவன் சுமந்து வந்தான். மாமா மாட்டினார். சில நாளிலேயே ஸ்டாண்டில், சவாரி ஏறி உட்கார்ந்த பிறகு, கார் 'டொக்' என்றது. அவ்வளவுதான், மூச்சில்லை. சவாரி இறங்கி அடுத்த காருக்குப் போய்விட்டது.

வேலைக்குப் போகிற வழியில் காரைத் தள்ள வந்த தம்பி மேல்தான் மூன்றாவது விசில் விழுந்தது.

"இவன் சாமானையா பார்த்தான்? கல்லாவுல உக்காந்திருக்காளே கடைக்காரன் பொண்ணு, அவ மூஞ்சியைப் பார்த்துட்டு வந்திருக்கான்! அவளும் பல்லைக் காட்டிச் செத்த சாமானை இவன் தலையில கட்டிட்டா!"

ஸ்டாண்டே சிரித்தது. ஒரு டிரைவர் விசிலடித்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி திரும்பி வரும்போது அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. அவளுடைய அப்பா அவன் கண்ணுக்கு முன்னாலேயே ஷட்டரைப் பாதி இறக்கினார்.

தம்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்னைத் திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பான். ஒரு பாவமும் அறியாத பெண்ணின் பேர் அல்லவா தெருவில் கிடக்கிறது! வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்துத் துணிகளைத் திணித்தான்.

"டேய், எங்கடா கிளம்பிட்டே?" என்று அக்கா பதறினாள்.

"இரு அக்கா, ஒரு வேலை பாக்கி இருக்கு. மாமா! அந்த ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொண்டாங்க. இங்கேயே, அக்கா முன்னாடி சுத்திப் பார்த்துடலாம். செத்திருந்தா இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். உயிரோட இருந்தா, ஸ்டாண்டுல சொன்னதை ஸ்டாண்டுலயே நீங்க திருப்பி எடுக்கணும்."

"எடுக்கிறேன்டா! சுத்து!"

சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்தார்கள். மேசை விளிம்போடு ஆல்டர்னேட்டரைக் கிளாம்ப் போட்டு இறுக்கினான் தம்பி. பகலில் மாமா வெளியே சார்ஜ் போட்டு வந்திருந்த பேட்டரியைக் காரிலிருந்து கொண்டுவந்து கீழே வைத்து, தடித்த ஒயர்களை மாட்டினான். கிடங்கு எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய மீட்டரை வைத்தான். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. சார்ஜ் ஏறினால் பதினாலைத் தொட வேண்டும். துளை போடுகிற டிரில் மெஷினை, பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் நட்டில் பொருத்தி அழுத்தினான். வீடே அலறியது. அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கின. மீட்டர் முள்மட்டும் கல்லுப்பிள்ளையாராக இருந்த இடத்திலேயே இருந்தது.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று மாமா மேசையில் குத்தினார். "செத்ததுதான்! எடுடா பையை!"

தம்பி டிரில்லைக் கீழே வைத்துவிட்டு ஒயர்களைக் கழற்றக் குனிந்தான். அப்போதுதான், பின்பக்கத்தில் ஒயர் எதுவும் மாட்டாமல் நின்ற ஒரு சின்ன முனை அவன் கண்ணில் பட்டது. சாமானைக் கொடுத்த அன்றைக்கு அந்தப் பெண் சொன்னதும் அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

'இந்தச் சின்ன முனைக்கு ஒரு பல்பு வழியா கரண்ட் போகணும். டேஷ்போர்டுல சிவப்பா எரியுமே, அந்தப் பல்புதான். அது தட்டி எழுப்பினாத்தான் இது முழிச்சுக்கும்.'

தம்பி ஓடிப்போய்க் காரின் பின்விளக்கிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி வந்தான். பேட்டரிக்கும் அந்த முனைக்கும் நடுவில் அதைக் கட்டினான். பல்பு எரிந்தது. டிரில்லை அழுத்தினான். முதலில் அதே அலறல். பிறகு டிரில்லின் குரல் இறங்கி, மூட்டையோடு மேடு ஏறுகிறவன்போல முக்கியது. மேசை ஒரு சாண் நகர்ந்தது. பல்பு அணைந்தது. முள் ஏறி, பதினாலில் போய் நின்றது.

"ஆண்டவனே!" என்று அக்கா கைகூப்பினாள்.

"அப்ப வண்டியில மட்டும் ஏன் ஏத்தலை?" மாமா விடவில்லை.

தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான். டேஷ்போர்டுக்குள் குனிந்து பார்த்தவன், அங்கிருந்தே கத்தினான். "மாமா, இங்க இருந்த சிவப்பு பல்பு எங்க?"

மாமாவிடமிருந்து ஒரு விசில்கூட வரவில்லை.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள் அக்கா. "சாவி போட்டா சிவப்பா முறைக்குது, ஏறுறவன் எல்லாம் வண்டியில கோளாறான்னு கேட்டு உயிரை வாங்குறான்னு பிடுங்கி எறிஞ்சீங்களே. அதுதானே?"

தம்பி உள்ளே வந்தான். "பழைய ஆல்டர்னேட்டரும் நல்லதுதான் மாமா. புதுசா வந்ததும் நல்லதுதான். உங்க கை பிடுங்கின பல்புக்கு உங்க வாய் ஒரு பொண்ணோட பேரைக் கடிச்சிருக்கு."

மாமா மீட்டரை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். "பல்பு வேணும்னு அவ சொன்னாளாக்கும்?"

"சொன்னா."

"அப்ப ஏன்டா மாட்டும்போது எங்கிட்ட சொல்லலை?"

தம்பி குனிந்து ஒயரைச் சுற்றி எடுக்க ஆரம்பித்தான். அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். காது சிவந்திருந்தது.

"அட, மூஞ்சியைத்தான் பார்த்திருக்கான்!" மாமா துள்ளினார். "அப்ப நான் சொன்னது பாதி நிஜம்!"

"பாதி நிஜத்துக்குப் பாதிச் சத்தம் போட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்கா. "நாளைக்கு முழுச் சத்தம் போட்டுச் சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா அவனோட நானும் பையை எடுக்கிறேன்."

மறுநாள் ஸ்டாண்டில் மாமா கார்மேல் ஓங்கித் தட்டினார். "கேட்டுக்கங்கடா! பல்பைப் பிடுங்கின மடையன் நான்தான். அந்தப் பொண்ணு நல்ல சாமானைத்தான் கொடுத்திருக்கு. இனிமே எவனாவது அது பேரை எடுத்துச் சிரிச்சான், நான் மனுஷனா இருக்க மாட்டேன்!" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்தான் அவருக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

அங்கிருந்து தம்பியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அங்கேயும் அதே சத்தம்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கடைக்காரர் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார். பெண்தான் நிமிர்ந்து கேட்டாள்.

"மன்னிப்புக் கேக்குறீங்களா, மிரட்டுறீங்களா?"

"எனக்கு ரெண்டுக்கும் ஒரே குரல்தாம்மா. மன்னிச்சிடு."

அவள் ஒரு டப்பாவுக்குள் கைவிட்டுச் சின்ன பல்பு ஒன்றை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். "நான் சொன்னேனே, காதுல வாங்கலையா?" என்றாள். அவன் அப்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் அவளையே கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு வெளியூர்க் கிடங்குக்கு அவனை மாற்றினார்கள். இருவரையும் பஸ் ஏற்றிவிட மாமா வந்திருந்தார். பெட்டியை மெதுவாக வைக்கவில்லை என்று கண்டக்டரோடு சண்டை, டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருக்கிறான் என்று தம்பியோடு சண்டை. அதே வருடம் மழைக்காலத்தில் ஒருநாள், காரை ஓரமாக நிறுத்திச் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்று பார்த்ததுதான் கடைசிப் பார்வை என்று பஸ் நிலையத்தில் கடவுளைத் தவிர யாருக்குத் தெரியும்?

அன்று பஸ் கிளம்புகிற நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தார். மூக்கில் ஒரு விசில் வந்தது.

"டேய் மாப்பிள்ளை, அவ ஏதாவது சொன்னா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. காதைக் கொடுத்துக் கேளு. போ!"