பன்னிரண்டு கப், ஆறு சோசர்

நாங்கள் நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஓர் ஆங்கிலேய மூதாட்டி. தன் எண்பத்தாறாவது வயதில் வீட்டை விற்றுவிட்டு, விட்பி நகரில் இருந்த மகளோடு போய் இருக்க ஆயத்தமானார். கை நடுங்குவதால், கண்ணாடி அலுமாரிச் சாமான்களைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலையை என்னிடம் தந்தார். வீட்டுக் கதவின் திறப்பையும் தந்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

எல்லாம் அவருடைய பாட்டியின் தாயான பூட்டியின் கப்புகள். தேநீருக்கு ஆறு, கோப்பிக்கு ஆறு. கையால் தீட்டிய ரோசாப்பூக்கள், விளிம்பில் பொன்கோடு. வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் மறுபக்கம் நிழலாகத் தெரிந்தன. இதில் தேத்தண்ணி குடிக்க எனக்குத் துணிவு வராது.

சுற்றி முடித்துப் பார்த்தால் சோசர் ஆறுதான் இருந்தது. எங்கள் ஆட்களிடம் விருந்தாளிக்குச் சோசர் இல்லாமல் கப்பை நீட்டினால், அதை வைத்தே ஒரு வருசம் கதைப்பார்கள். மிச்சம் ஆறும் எங்கே? கசங்கிய தாள்களோடு குப்பையில் போட்டுவிட்டேனோ? குப்பை லொறி காலையிலேயே போய்விட்டது. அந்த மனிசி வாய்விட்டுக் கேட்கமாட்டார், மனசுக்குள் கள்ளி என்று முடிவுகட்டிவிடுவார். அழுதுகொண்டே பெட்டிகளை மறுபடி அவிழ்த்தேன்.

"உதுக்கேன் அழுறீர்? அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துவிடும். துலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்தானே" என்றார் கணவர்.

நேர்ந்தேன். கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினோம். அந்தோனியார் அசைந்து கொடுக்கவில்லை. மறுநாள் கணவர் பழைய சாமான் கடையில் ஆறு சோசர் வாங்கிவந்தார். பூ அச்சடித்தது, உரல் கனம்.

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"குருடருக்கும் தெரியும். கொண்டுபோய் எறியுங்கோ!"

மூதாட்டி திரும்பி வந்தபோது கோட்டைக் கழற்றக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் அரைகுறை ஆங்கிலம் பாதி அழுகையிலேயே போனது.

அவர் தேநீர்க் கப் ஒன்றை எடுத்துச் சோசரில் வைத்தார். பிறகு அதை எடுத்துவிட்டு, அதே சோசரில் கோப்பிக் கப்பை வைத்தார். இரண்டும் பொருந்தின. அந்தக் காலத்தில் இப்படித்தானாம் விற்றார்கள். தேநீரும் கோப்பியும் ஒரே நேரத்தில் யார் குடிக்கப்போகிறார்கள், இரண்டுக்கும் ஒரு சோசர் போதாதா என்று கேட்டார். பூட்டி காலத்திலிருந்தே ஆறுதான்.

அப்பாடா! அப்படியே தரையில் இருந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்களோ?" என்று கேட்டேன்.

"அடுக்குவதற்கு ஆள் பிடிக்கிறேன் என்றாள் மகள். பிறத்தியார் கையில் இதைக் கொடுக்கமாட்டேன் என்றுதானே உன்னிடம் தந்தேன்" என்றார்.