மூடின மில்லில் கல்யாணப் படம்

கல்யாண போட்டோகிராபருக்குக் கேமராவைவிட அவசியமானது பொறுமை; அது வாடகைக்கும் கிடைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் சிக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பஞ்சாலை ஓடிய காலத்தில் அதைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. மூடி, கூரை சரிந்து, சுவரில் அரசமரம் முளைத்ததும் சுற்றுலாத் தலமாகிவிட்டது.

எங்கே எடுக்கலாம்?

மணப்பெண் எங்கள் ஊர். மாப்பிள்ளை அறந்தாங்கி, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். "சித்தன்னவாசல் போயிரலாங்க, அந்தப் பாறையில சாயங்கால வெளிச்சம் அருமையா விழும்" என்றேன். பெண் உதட்டைச் சுழித்தது.

"அங்கதான் வருசா வருசம் ஸ்கூல்லேருந்தே கூட்டிப் போயிட்டாங்களேண்ணே. இப்ப மில்லுதான் ட்ரெண்டு!"

கோட்டும் முள்ளும்

மாப்பிள்ளை கொளுத்துகிற வெயிலில் கோட்டு சூட்டோடு இறங்கினார். உடைந்த ஜன்னலில் சாய்ந்து தூரத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். திரும்பும்போது கருவேலமுள் மாட்டிக் கோட்டின் முதுகு டர்ரென்று கிழிந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எழுந்துகூட வராமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"துபாய் வெயிலையே தாங்குனவரு, நம்மூரு முள்ளத் தாங்க முடியலயே!"

கலர் புகை

கிழிசலை மறைக்க ஒரே வழி, படம் எடுப்பதற்கென்றே விற்கிற புகைக்குச்சி. சிவப்பும் மஞ்சளுமாகக் கொளுத்திவிட்டேன். ஜோடி புகைக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பொக வருதேன்னு மில்லத் தொறந்துட்டாங்கன்னு ஓடியாந்தேன். கல்யாணந்தானா?"

கொஞ்சம் சிரிங்க

பெண்ணின் அப்பா பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவர். அதுவரை கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். குடும்பப் படத்துக்காக மகள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தது. தூணோரம் நிற்கச் சொன்னேன். அவர் கேட்காமல் சற்றுத் தள்ளிப்போய், தரையில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொழில் பழக்கத்தில், "அப்பா, கொஞ்சம் சிரிங்க" என்றேன். அவர் போல்ட்டைக் காலால் தொட்டுப் பார்த்தார். மகள் பூச்செண்டைக் கீழே வைத்துவிட்டது.

"இங்கதான் தம்பி என் மெஷினு இருந்துச்சு. அத்தன வருசம் நின்னேன், ஒருத்தனும் சிரிக்கச் சொல்லல."

ஊரில் பாதிப்பேருக்கு வேலை போன இடத்தில் எனக்கு மட்டும் வேலை கிடைத்திருக்கிறது என்பதுதான் எங்கள் ஊர்ச் சுற்றுலா கண்ட மொத்த வளர்ச்சி.