வீடு பார்க்கப் போன மோடம்

வீட்டுத் தரகர் அவளுக்கு வைத்த பெயர் மோடக்கா. வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கதவை ஆட்டிப் பார்ப்பார்கள். இவள் நேரே தொலைபேசி அருகே போய், வயரைக் கழற்றி, போன் வழியே இணையத்தைக் கொண்டுவரும் தன் மோடத்தில் மாட்டிவிடுவாள்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. காலை ஏழு மணிக்கு ஒலிப்பதிவுகள் வரும். மாலைக்குள் எழுத்தாகத் திரும்ப வேண்டும். மோடம் வந்த பெட்டியில் வேகம் நொடிக்கு 56,000 பிட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் வீட்டு இணைப்பில், திரையில் வந்தது 26,400. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தூரம், வயர் பழசு என்று லைன்மேன் கைவிரித்துவிட்டார். ஒரு நாள் பதிவுகள் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை என்றால் வேலை கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதனால்தான் இந்த வீடு தேடல்.

முதலில் பார்த்த வீட்டில் பால்கனி இருந்தது. கணவர் அதிலேயே நின்றுவிட்டார்.

"வேகம் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறுதாங்க வருது."

"காத்து எப்படி வருது பாரு."

"காத்துல ஃபைல் வராதுங்க."

அடுத்தது, பத்து நிமிட நடையில், இரும்பு கடையும் லேத் பட்டறைக்கு மேல் இருந்த வீடு. பட்டறைக்காரரே உரிமையாளர், கீழே இருந்த தொலைபேசியை மேலேயும் இழுத்திருந்தார்.

"தண்ணி வருமான்னு கேக்க மாட்டீங்களாம்மா?"

"முதல்ல இது வரட்டும்ணே."

மோடம் கிறீச்சிட்டு அடங்கியது. 45,333. அந்த நேரம் பார்த்துக் கீழே லேத் ஓடத் தொடங்கியது. கணவரின் வாய் மட்டும் அசைந்தது.

"என்ன சொன்னீங்க?" என்று கத்தினாள்.

"இதைத்தான் சொன்னேன்" என்று அவரும் கத்தினார்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஆங்கிலத்தில் முணுமுணுப்பது ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று காது பிரித்தறிய வேண்டும். தப்பினால் நோயாளியின் மருந்து அளவு மாறிவிடும். இந்த இரைச்சலில் அது நடக்காது. ஆனால் நல்ல வேகம் வேண்டியதெல்லாம் ஒலிப்பதிவுகளை இறக்கத்தான். தட்டச்சு செய்த எழுத்து கடுகளவு. அதை எந்த மோசமான இணைப்பும் தள்ளிவிடும்.

லேத் நின்றதும் கீழே இறங்கிப் பட்டறைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, மெஷின் காலையில எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்கும்?"

"ஒம்பதுக்கு."

"ஏழு மணிக்கு ஆபீஸ் ரூம்ல ஒரு மேசை குடுங்க. போன் பில்லை நான் கட்டிடறேன்."

"அப்போ வீடு?"

"வீடு வேண்டாம்ணே."

"இத்தனை வருஷத்துல வீட்டை விட்டுட்டு வயரை வாடகைக்குக் கேட்ட ஆள் நீங்கதாம்மா."

பால்கனி வீட்டுக்குக் குடிபோனார்கள். காலையில் மடிக்கணினியோடு பட்டறைக்குப் போய்ப் பதிவுகளை இறக்கிக்கொண்டு, எட்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். மழை நாளில் வேகம் 42,667க்கு இறங்கும். ஐம்பதாயிரத்தை ஒருநாளும் தொட்டதில்லை. அது போதுமாக இருந்தது. முதல் வாரத்திலேயே பட்டறைக்காரர், "உங்களால என் தூக்கம் போகுது" என்று மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டார். அவளே ஷட்டரைத் தூக்குவாள். சீக்கிரம் வந்த வாடிக்கையாளர்கள் உடைந்த இரும்புத் தண்டுகளை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். பெயர் எழுதி ஒட்டி வைப்பாள். மூன்றாவது தாமதம் வரவேயில்லை.