டயரின் ஓரம்

பெரிய பைக்குக்கு டயர் வாங்க வருகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதுதான். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். செருப்பா வாங்குகிறீர்கள்? ஈரத்தில் பிடிக்குமா, வளைவில் சாய்த்தால் நம்பலாமா என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்! தேய்மானமெல்லாம் அப்புறம் பேசலாம்.

எங்கள் சாலையில் ஒருநாள் ஓட்டினால் இந்தப் பேச்சு யாருக்கும் வந்துவிடும். லைட்ஹவுஸ் குப்பத்தில் வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் மணல். தாரில் ஏறினால் அங்கேயும் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு கருவாடு காயும். மீன் ஏற்றிப் போகிற வண்டிகள் ஐஸ் தண்ணீரை வழியெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டே போகும். வெறும் தண்ணீரானால் பரவாயில்லை, செதிலும் கொழுப்பும் கலந்த வழவழப்பு அது. பாலம் ஏறி ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டைக் கடந்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு தினமும் இந்த வழியில்தான் ஷிப்டுக்குப் போய் வந்தேன்.

பைக்கைப் பழையதாகத்தான் வாங்கினேன். நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த கனமான வண்டி. முன்பு வைத்திருந்தவர் நெடுஞ்சாலையிலேயே ஓட்டித் தேய்த்திருந்தார் போலிருக்கிறது, பின் டயர் நடுவில் தட்டையாகி, பலகை போல ஆகியிருந்தது. நேரே போகும்வரை சாது. வளைவில் சாய்த்தால் முதலில் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், பிறகு தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் தொபுக்கென்று விழும். அதை மாற்றி நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரன் தலையில் கட்டிய டயரைப் போட்டேன். உழைத்தது, உண்மைதான். ஆனால் மழையில் அது சனியன். பிரேக்கைத் தொட்டாலே பின் சக்கரம் இடுப்பை ஆட்டும்.

இதையெல்லாம் நான் பைக் ஓட்டுகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் குரல் பதிவாகப் போட்டுவந்தேன். மற்றவர்கள் படம் போடுவார்கள், நான் திட்டுவேன். என் திட்டுக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் டயர் கம்பெனி ஒன்றில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரே அழைத்தார். ஒரு ஜோடி டயர் அனுப்புகிறோம், உங்கள் சாலையில் ஓட்டிவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள், இதே பாஷையில் சொன்னாலும் சரி என்றார்.

அந்த டயரை நான் இன்றும் குறைசொல்ல மாட்டேன். நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மிருது. காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்; சூடேறியதும் வளைவுகளில் வண்டி தானாகச் சாய்ந்து, நாம் விரும்பிய இடத்தில் நிற்கும். ஐப்பசி மழையில் பாலத்தின் மேல் மீன்தண்ணீரும் மழைத்தண்ணீரும் கலந்து ஓடியபோதுகூட கைப்பிடியை இறுக்காமல் போனேன். என்ன சுகம் அது! வண்டி ஓட்டாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? காலுக்குக் கீழே தரை இருக்கிறது என்ற நிம்மதி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் சாலையில் நேரோட்டம் அதிகமென்பதால் நடுப்பகுதி சீக்கிரம் தேய்ந்தது, ஓரங்கள் அப்படியே இருந்தன. இதையும் சொன்னேன்.

நான் சொன்னதையெல்லாம் முதலில் கேட்டவர் என் நைனாதான். சாப்பிடும்போது தட்டைக் கவிழ்த்து வைத்து, இது டயர், இது ரோடு என்று காட்டுவேன். அம்மா கிண்டல் செய்வாள். நைனா செய்ய மாட்டார். மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே கவனமாகக் கேட்பார்.

"அப்போ நேரா போம்போது நடுவுதான் தரையில கீது?"

"ஆமா நைனா."

"சாயும்போது?"

"ஓரம். கையகல இடம்தான். அது மட்டும் புடிக்கலன்னா ஆள் காலி."

"அடேங்கப்பா" என்று தலையாட்டினார். அவ்வளவு பெரிய கடலைப் பார்த்த மனுஷன், என் டயரைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கம்பெனியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. டயர்களைச் சோதிக்கிற அவர்களுடைய ஓட்டப் பாதைக்கு அதே டயர்களோடு என் வண்டியிலேயே வர வேண்டும். ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. புது டயர்களை நாளெல்லாம் ஓட்டி, எப்படி இருக்கிறது என்று சொல்கிற வேலை. உலகத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொழிற்சாலையில் பெல்ட் பக்கத்தில் நின்று நின்று செத்துக்கொண்டிருந்தேன். இந்த டயர் வேலையைத் தவிர வேறெதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வீட்டில் சொன்னேன். அங்கேயே தங்கவேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

"டயர ஓட்டிப் பாக்கறதுக்கு ஒரு வேலையா? இன்னாடா டபாய்க்கிற?" என்றார் நைனா. சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அப்போ படகுக்கு?" என்று கேட்டார்.

படகு விஷயம் இதுதான். எங்கள் ஃபைபர் படகில் என் சித்தப்பா உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டதிலிருந்து ஓர் ஆள் குறைவு. ஷிப்ட் இல்லாத நாட்களில் நான் போய்வந்தேன். தொழிற்சாலையை விட்டுவிட்டு நான் முழுநேரமாகக் கடலுக்கு வந்துவிட வேண்டும் என்பது நைனாவின் எண்ணம். வெளியாளைச் சேர்த்தால் பிடிபட்டதில் அவனுக்கு ஒரு பங்கு போகும். மகன் என்றால் அந்தப் பங்கு வீட்டிலேயே இருக்கும். இது எங்கள் குப்பத்தில் எல்லா வீட்டிலும் உள்ள கணக்கு, தப்பென்று சொல்ல மாட்டேன்.

"ஆள் வெச்சிக்கோ நைனா" என்றேன்.

"வெச்சிக்கலாம், வெச்சிக்கலாம். நீ போய்ட்டு வா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. போகிற அன்று காலையில் எழுந்து வெளியே வந்தால் நைனா என் வண்டி அருகில் குந்தியிருந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். டயர் ஓரங்கள் கறுப்பாகப் பளபளத்தன. தண்ணீர் விட்டுத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தேன். "எதுக்கு நைனா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினேன். மீன் வாடை அடிக்கவில்லையா என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்டார். குப்பத்தில் எது ஐயா மீன் வாடை அடிக்காது?

மணலைத் தாண்டித் தாரில் ஏறி, பாலத்தின் மேல் நேராகப் போனேன். ஒன்றும் தெரியவில்லை. பாலம் இறங்கியதும் இடப்பக்கம் ஒரு வளைவு. அங்கே எப்போதும் சாய்க்கிற மாதிரிதான் சாய்த்தேன். இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் போய்விட்டன. சாதாரணமாக டயர் வழுக்கும்போது ஒரு நடுக்கம் கொடுக்கும், சுதாரித்துக்கொள்ளலாம். இது எதுவும் கொடுக்கவில்லை. வண்டி என் காலின் மேல் விழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்துக் கல்லில் மோதியது. முழங்கால் உடைந்த சத்தத்தை நானே கேட்டேன்.

மீன் வாங்க வந்திருந்தவர்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் டயரைத் தொட்டு மூக்கில் வைத்து, "இன்னாபா இது, மீன் எண்ணெ!" என்றார்.

எங்கள் ஆட்கள் மரப்படகுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். உப்புத் தண்ணீரில் மரம் வெடிக்காமல், புழு அரிக்காமல் இருக்க. கடலுக்கு ஃபைபர் வந்துவிட்டாலும் ஏரியில் ஓட்ட எங்களிடம் ஒரு மரப்படகு இருந்தது, எண்ணெய் டின்னும் இருந்தது. ஆகவே ஊருக்கு விஷயம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நைனா ஆஸ்பத்திரி வாசலில் மார்பில் அடித்துக்கொண்டார்.

"உப்புக் காத்துல ரப்பரு வெடிச்சிடும்னு தானே பூசினேன்! படகுக்குப் பூசற மாதிரி பூசிட்டேனே! எனுக்கு இன்னா தெரியும்!"

எல்லோரும் அவரைத்தான் தேற்றினார்கள். படிக்காத மனுஷன், மகன் மேல் உள்ள பாசத்தில் செய்துவிட்டான் என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். கட்டிலில் கிடந்தபடியே, "உடு நைனா, அழாத" என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். இதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

முழங்காலில் தகடு வைத்தார்கள். கால் பாதிதான் மடங்கியது, இனியும் அவ்வளவுதான் என்றார் டாக்டர். கம்பெனிக்காரர் இரண்டு முறை அன்பாக விசாரித்தார். மூன்றாம் முறை நானே அழைத்தேன், வேறொருவர் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். குப்பத்தில் என்னை எண்ணெய் டயர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால், "தலையில பூசற எண்ணெய டயருல பூசிக்கினு போனா சும்மா ஜம்முனு போவலாமா?" என்று எவனாவது கேட்பான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நைனாவும் சிரிப்பார். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

தடி ஊன்றி நடக்க வந்ததும் பழவேற்காட்டில் மெக்கானிக் பாயின் கடைக்குப் போனேன்; விழுந்த வண்டியை அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். பாய் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி அப்படியே வைத்திருந்தார். வித்துடுப்பா, பார்க்கப் பார்க்க மனசுக்குக் கஷ்டம் என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். நான் தார்ப்பாயை விலக்கிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

டயரின் இரண்டு ஓரங்களிலும் எண்ணெயும் மணலும் சேர்ந்து பசையாகக் காய்ந்திருந்தது. நடுப்பகுதியைச் சாலை துடைத்துவிட்டிருக்கும், சரி. ஆனால் டயரின் பக்கவாட்டுச் சுவர்? அது தரையைத் தொடுவதே இல்லை. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பழைய சாம்பல் தூசி அப்படியே இருந்தது. விரலால் கோடு போட்டால் கோடு விழுந்தது. உப்புக் காற்றில் டயர் வெடிப்பது அந்தப் பக்கச் சுவரில்தான், குப்பத்தில் நிற்கிற எந்த ஓட்டை ஸ்கூட்டரைப் பார்த்தாலும் தெரியும். நைனா படகுக்கு எண்ணெய் பூசி நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பலகை இடுக்கு, ஆணித் தலை, அடிப்பக்கம் என்று ஒரு விரல் இடம் விடமாட்டார். விட்டால் அந்த இடத்திலிருந்துதான் அரிக்கும் என்பார். அந்தக் கை, காப்பாற்றுவதற்காகப் பூசியிருந்தால், இப்படிக் கையகலத்தில் ஒரு பட்டை மட்டும் பூசியிருக்காது.

பாய் கொண்டுவந்த டீயை நான் குடிக்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். நைனா படகு நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைடுல ஏன் பூசல?" என்று கேட்டேன்.

"எதுல?"

"டயர்ல. சைடுல ஏன் பூசல நைனா? வெடிக்கிறது அங்கதானே."

அவருடைய ஊசி நின்றது. ஏதாவது பொய் சொல்வார், நானும் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

"கால் போவும்னு நெனைக்கலடா" என்றார். "ஒரு தபா உளுந்து எழுந்தா பயம் வந்துடும். இந்தப் பேஜாரே வேணாம்னு திரும்பி வந்துடுவன்னு பாத்தேன். வேல மட்டுந்தான் போவும்னு நெனச்சேன்."

"நான் சொல்லிக் குடுத்ததுதானே அது. ஓரம்தான் புடிக்கும்னு நான்தானே சொன்னேன்!"

"நீதான் சொன்ன."

தடியை அவர் மேல் வீசலாமா என்று இருந்தது. வீசினால் நான் விழுந்துவிடுவேன். கத்தினேன். மனுஷனா நீ, பெத்த புள்ளையாடா நான் உனக்கு என்று என்னென்னவோ கத்தினேன். பக்கத்துப் படகில் வேலை செய்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நைனா மறுபடி ஊசியை ஓட்ட ஆரம்பித்தார்.

"இப்போ இந்தக் கால வெச்சிக்கினு உன் படகுலயும் நிக்க முடியாது. யார் வருவா உன்கூட?"

"ஆரம்பாக்கத்துல ஒரு ஆளு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு பங்கு கேட்டான், சரின்ட்டேன்" என்றார். "நாளைக்கு வரான்."

மறுநாள் விடியும்போது அந்த ஆள் வந்துவிட்டான். நல்ல உடம்பு, சிரித்த முகம், என்னைப் பார்த்து அண்ணா என்று கும்பிட்டான். படகைத் தண்ணீருக்குத் தள்ளத் தோள் கொடுத்தார்கள், மணல் இறுகியிருந்ததால் நகரவில்லை. நைனா நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"டேய், ஒரு கை குடு" என்று என்னைக் கூப்பிட்டார்.

தடியை மணலில் போட்டுவிட்டு நானும் போய்த் தள்ளினேன்.