பின்திரை அத்தான்

கதவைச் சாத்திக்கொண்டுதான் அத்தான் டீ போடுவார். பால் பொங்குவதையோ வடிகட்டி சொட்டுவதையோ யாரும் பார்த்துவிடக் கூடாது. கதவு திறக்கும்போது தட்டில் மூன்று டம்ளரும் ஒரே அளவில் நிற்கும். “பாதி டீயை மனுஷன் பார்ப்பானா?” என்பார்.

அக்காவின் கணவரான இவர், கணினி விளையாட்டுகளுக்குத் திரை வரையும் நிரல் எழுதுகிறார். நம் கண் முன்னாலேயே படம் வரையப்பட்டால், தலை இல்லாத குதிரையும் கூரை இல்லாத வீடும் தெரிந்து திரை படபடக்குமாம். அதனால் மறைவாக இன்னொரு திரையில் முழுதும் வரைந்து, முடிந்ததும் முன்திரையோடு சட்டென்று மாற்றிவிட வேண்டும். அத்தான் மொழியில் அது ஃப்ளிப். திரைச் சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை விளிம்போடு வெட்டிவிடுவது கிளிப். படத்தைச் சாய்ப்பது, சுழற்றுவது எல்லாம் அலுவலகத்தில் வேறு ஆட்களின் வேலை.

தொழிலை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வாசலில் நின்றால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் கூடத்தைப் பெருக்குவார். பீரோவிலும் வாசலிலிருந்து தெரிகிற பாதிவரைதான் தூசு தட்டியிருப்பார். பேச்சும் இப்படித்தான். கேட்டதும் கூரையைப் பார்ப்பார். வாக்கியம் முழுதும் தயாரான பிறகே வாய் திறக்கும். இரண்டு வருடம் ஊர் சுற்றிவிட்டு மூட்டையோடு வந்து நின்ற என்னிடம் அவர் “வாம்மா” என்றபோது, நான் குளித்து முடித்திருந்தேன்.

அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். “நீங்க கூட வருவீங்களா, மாட்டீங்களா?” என்று அவள் கேட்டுப் பத்து நாள் ஆயிற்று. அன்றிலிருந்து அத்தான் வேலை முடிந்து வந்ததும் பின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். தினமும் மாலையில் உள்ளே எதையோ இழுக்கிற சத்தம், அறுக்கிற சத்தம்.

“கல்லா இருந்தாக்கூட இந்நேரம் வாயைத் திறந்திருக்கும்டி,” என்றாள் அக்கா.

வியாழன் மாலை, ‘ஒருவர் தங்க ஒரு சிறிய அறை போதும்’ என்று புதிய அலுவலகத்துக்கு அவள் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தரையில், வீட்டுச் சாமான் ஏற்றிப் போகும் குட்டி லாரியின் நீள அகலத்துக்கு நீல நாடா ஒட்டிய ஒரு செவ்வகம். அதற்குள் பெட்டி பெட்டியாக அத்தானின் துணி, புத்தகம், கணினி எல்லாம் கட்டித் தயாராக நின்றன. விளிம்பைத் தாண்டியவை விளிம்போடு அறுபட்டிருந்தன. ஏணியில் ஐந்தே படி. ஒட்டடைக்கோலில் பாதி. மேசைக்கு மூன்று கால்.

“வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள் அக்கா.

“பாதி மூட்டையை வச்சுக்கிட்டு எப்படிம்மா சொல்றது?”

“அதுக்கு ஏணியை ஏன் அறுத்தீங்க? சாய்ச்சு வைக்க வேண்டியதுதானே!”

“சாய்க்கிறது வேற டிபார்ட்மென்ட்.”

அக்கா சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள், உள்ளே போய் ஒரு பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் இடது பாதம் நாடாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அந்தப் பாதத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, எங்கள் கண் முன்னாலேயே, நாடாவை நகத்தால் உரித்து ஒரு சாண் தள்ளி ஒட்டத் தொடங்கினார்.